சீறியாழ் முதல் வால்வுப் பெட்டி வரை: ஓய்மா நாட்டிலிருந்து ஓர் ஒலி வரலாறு

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றியது. 269 அடிகள் கொண்ட அந்நூல் காட்டும் நாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி. அதில் வரும் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் ஒப்பிய முடிபு. இவையெல்லாம் தமிழ் பயின்றோர் அறிந்த செய்திகள். நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்றை. அந்நூலின் பெயரிலேயே ஓர் இசைக்கருவியின் அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர். சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர். கருவி பெரிதா சிறிதா என்பது ஒரு கலைஞர் கூட்டத்தின் பெயரையே தீர்மானித்திருக்கிறது.

ஏன் சிறியது? ஆற்றுப்படை நூல்கள் எல்லாமே வழிநடைப் பாடல்கள். பாணன் நடக்கிறான், சுற்றத்தோடு நடக்கிறான், பாலையையும் நெய்தலையும் கடந்து, ஒரு புரவலனின் வாயிலில் நின்று பாட வேண்டியவன் அவன். தோளில் தூக்க இயலாத கருவி அவனுக்குப் பயனில்லை. அதே நேரத்தில், பத்தரும் போர்வைத் தோலும் நரம்பின் ஒலியைப் பெருக்கித் தராவிட்டால் அவையில் அவன் பாட்டு எடுபடாது. எடை, ஒலி, தொனி என்னும் மூன்றுக்கும் நடுவே அவன் ஒரு சமரசத்தைத் தேடியிருக்கிறான். அந்தச் சமரசத்தின் பெயர் சீறியாழ்.

இதே நிலத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வல்லத்தில் (தஞ்சைப் பக்கத்து வல்லம் அன்று, விழுப்புரம் மாவட்டத்து வல்லம்), இன்று கிதார் வாசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்திலும் கல்லூரி விழாவிலும் நம் இலக்கியக் கூட்டங்களின் இறுதியிலும் வாசிக்கிறார்கள். அவர்களுள் இருவர், ஒருவர் கிதார்க்காரர், மற்றவர் பாடகர், தம் சேமிப்பைச் சேர்த்து, தூக்கிச் செல்லக்கூடிய இரண்டு சேனல் வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று வாங்க எண்ணினார்கள். எதை வாங்குவது என்ற அவர்கள் கேள்விக்கு விடை தேடப் போய், நாம் ஒரு நூற்றாண்டு ஒலி வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டோம். அந்தத் தேடலின் தொகுப்பே இக்கட்டுரை.

*

இயந்திரம் வருவதற்கு முன் தமிழ் மேடை எப்படி ஒலித்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். செஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட முதல் தொகுதிக்கே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்னும் பொருளில் துணைத்தலைப்பு இட்டார். அந்த வழிபாட்டின் மையத்தை அவர் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியில் கண்டார். அறுவடை முடிந்த வயலில், இரவு முழுவதும், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கூத்தர்கள் பாடினார்கள். முகவீணை, மிருதங்கம், தாளம், பின்னாளில் சேர்ந்துகொண்ட ஆர்மோனியம் ஆகிய அனைத்தும் திறந்தவெளிக்கு ஏற்ற கூரிய ஒலியுடையவை. முகவீணையின் சுருதி மிக உயரத்தில் அமைந்தது தற்செயல் அன்று. உயர்ந்த சுருதி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். திறந்தவெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்று இயற்பியல் சொல்கிறது. கூத்தர்கள் இதை எண்ணால் அறியவில்லை, தொண்டையால் அறிந்திருந்தார்கள்.

நாடக மேடையும் இப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் இறுதி நாட்களைக் கழித்தது நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில். அவர் காலத்து நடிகர்களுக்கு மைக் கிடையாது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றதற்கு அழகியல் காரணம் இருந்தது போலவே, கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்ற நடைமுறைக் காரணமும் இருந்தது. அரசியலும் அவ்வாறே. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிப் பேசியபோது அவர்களிடம் இருந்தவை சொந்த நுரையீரல்கள் மட்டுமே.

ஆக, ஒலியைப் பெருக்கும் தேவை நம்மிடம் எப்போதும் இருந்தது. அதற்கு நாம் கண்ட விடை குரலைத் தீட்டுவது. இது மனத்தில் இருக்கட்டும்.

*

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இருமுனை வால்வை உருவாக்கினார். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையொன்றைச் செருகினார். சூடேறிய இழையிலிருந்து கிளம்பும் மின்னணுக்களின் பெருவெள்ளத்தை, நடுவேயுள்ள கம்பிவலையில் கொடுக்கும் சிறு மின்னழுத்தத்தால் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மதகைத் திருப்பும் கை சிறியது. பாயும் ஆறு பெரியது. வால்வு என்ற பெயரே மதகைக் குறிப்பதுதான். மெல்லிய குரலின் அலை அந்தக் கை. ஒலிபெருக்கியில் இருந்து வெளிப்படுவது அந்த ஆறு.

1919 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சான்டியாகோ நகரத் திடலில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேருக்கு ஒலிபெருக்கியின் துணையோடு பேசினார். அதற்குப் பின் ஐந்தே ஆண்டுகளில் சென்னையில் வால்வுகள் எரியத் தொடங்கிவிட்டன. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வாங்க வசதியற்றோருக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

தமிழன் பொதுவெளியில் கேட்ட முதல் வால்வு ஒலி, ஆக, கூட்டத்துக்கான ஒலி. வீட்டு மூலையில் ஒருவர் தமக்காகக் கேட்டதைவிடத் திடலில் பலர் சேர்ந்து கேட்டதே அதிகம். பின்வரும் வரலாற்றை இந்தத் தொடக்கமே வழிநடத்தியது என்று நாம் கருதுகிறோம். 1940இல் அகூஜா நிறுவனம் தோன்றியது. அடுத்த பத்தாண்டுகளில் திராவிட இயக்க மேடைகள் எழுந்தன. மேடைத் தமிழின் அடுக்குமொழியும் ஏற்றஇறக்கமும் மைக்கின் முன்னே புதிய வடிவம் கொண்டன. தொண்டை கிழியக் கத்த வேண்டிய தேவை போனபின்தான் தாழ்ந்த குரலில் தொடங்கி, நிறுத்தி, மெல்ல ஏற்றிச் செல்லும் பேச்சுமுறை பத்தாயிரம் பேர் கூட்டத்துக்கும் சாத்தியமாயிற்று. கருநாடக இசையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. உச்ச சுருதியை விட்டுக் கீழிறங்கி, நுணுக்கத்துக்கு இடம்கொடுத்த பாணி ஒலிவாங்கியின் காலத்தில் ஊன்றியது. இதைப் பற்றி அமண்டா வைட்மன் 2006இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஊர்ப்புறத்தில் இந்த இயந்திரத்துக்கு மைக்செட் என்று பெயர். மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ, அதனுள் செந்நிறமாய் ஒளிரும் வால்வுகள், தென்னையிலும் பனையிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள், நீண்ட கம்பிகள். மின்சாரம் எட்டாத ஊர்களில் கார் பேட்டரியைக் கொண்டு அதை ஓட்டினார்கள். காதுகுத்து முதல் கருமாதி வரை மைக்செட் இல்லாத நிகழ்ச்சி குறைச்சல் என்ற நிலை வந்தது.

*

கதையின் மற்றொரு கிளை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே சிக்கல் கூட்டத்தைப் பற்றியது அன்று. ஒரு கருவியைப் பற்றியது. பித்தளை ஊதுகருவிகள் நிறைந்த 1930களின் ஜாஸ் குழுக்களில் கிதாரின் ஒலி காணாமல் போயிற்று. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளைத் தந்திகளுக்கு அடியில் பொருத்தி, அதிர்வை மின்னலையாக்கும் முறை அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1936இல் கிப்சன் நிறுவனம் ஈஎஸ்-150 என்ற மின்கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அத்தகைய கிதாரில் தனியாவர்த்தனம் வாசித்தபோது, தாளத்துக்கு மட்டும் துணைநின்ற கருவி பேசும் கருவியாயிற்று.

அந்த மின்கிதாருக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் யார் என்பதுதான் சுவையான செய்தி. லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைப்புகளை வாடகைக்கு விட்டவர். நம்மூர்ச் சொல்லில் சொன்னால் சவுண்ட் சர்வீஸ்காரர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இலண்டனில் ஜிம் மார்ஷல் 1960இல் தொடங்கிய இசைக்கருவிக் கடையில், மின்னணுத் தொழில் அறிந்த கென் பிரான் முதலியோர் 1962இல் ஃபெண்டர் பெட்டி ஒன்றின் சுற்றைப் பின்பற்றி மார்ஷலின் முதல் ஆம்ப்ளிபையரைக் கட்டினார்கள். டாம் ஜென்னிங்சும் டிக் டென்னியும் 1958 அளவில் வாக்ஸ் ஏசி15 என்னும் 15 வாட் பெட்டியை உருவாக்கினார்கள். மைக்செட்டும் கிதார் பெட்டியும் ஒரே பட்டறையில் பிறந்த உடன்பிறப்புகள். இரண்டிலும் ஒரே வால்வுக் குடும்பம், ஒரே மின்மாற்றிகள், ஒரே ஈயப்பற்று.

இரண்டு சேனல் என்னும் சொல்லின் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ் பெட்டியின் முகப்பில் ஒரு நுழைவாயிலில் மைக் என்றும் மற்றொன்றில் கருவி என்றும் எழுதியிருந்தது. ஒருவர் பாட, மற்றவர் வாசிக்க, இருவருக்கும் ஒரே பெட்டி. சிறு மதுக்கடைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் பாடிய எளியவர்களுக்கான ஏற்பாடு அது. இன்றும் நம் மைக்செட் பெட்டிகளின் முகப்பில் மைக் ஒன்று, மைக் இரண்டு, துணை என்று வரிசையாக இருப்பது இதே ஏற்பாடுதான். ஒரு வால்வுப் பெட்டியைப் பங்கிட்டுக்கொள்வது என்பதே சேனல் என்னும் சொல்லின் மூலப்பொருள்.

பின்னர்ப் பொருள் மாறியது. வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, தடித்த கரகரப்பான ஒலி பிறக்கும். பொறியாளருக்கு இது பிழை. ஆனால் 1951இல் மெம்பிஸ் நகரில் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில், பழுதான ஒலிபெருக்கியில் காகிதத்தைத் திணித்து வாசித்ததாகச் சொல்லப்படும் கிதாரின் உறுமலே பாட்டின் உயிராயிற்று. 1958இல் லிங்க் ரே என்பவர் தம் ஒலிபெருக்கிக் காகிதத்தில் வேண்டுமென்றே துளையிட்டார். பிழை அழகாயிற்று. 1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் மெசா நிறுவனம், தெளிந்த ஒலிக்கு ஒரு சேனல், கரகரப்புக்கு ஒரு சேனல் என்று வைத்துக் காலால் மிதித்து மாற்றும் பெட்டியைச் செய்தது. அன்றுமுதல் இரண்டு சேனல் என்றால் ஒரே கலைஞரின் இரு மனநிலைகள் என்று பொருள்படலாயிற்று. இருவர் பங்கிட்டது ஒருவரின் உடைமையானது.

*

இங்கே ஒரு வினா எழுகிறது. ஃபுல்லர்டனின் ரேடியோ மெக்கானிக் கிதார் பெட்டி செய்தார். அதே வால்வுகளைக் கையாண்ட நம் ரேடியோ மெக்கானிக்குகள் அதை ஏன் ஒரு தொழிலாக வளர்க்கவில்லை? திறமைக் குறைவு காரணமன்று. 1954இல் தொடங்கிய பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வுகளைத் தயாரித்தது. ஈஎல்84, ஈசிசி83 போன்ற அதன் வால்வுகளை இன்றும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். வாக்ஸ் பெட்டியின் இதயமே இந்த இரண்டு வகைகள்தாம். பொருள் இருந்தது, கையும் இருந்தது.

முதற்காரணம் கிதார் இங்கே அரிது என்பது. நம் பக்கத்துக்கு அது பெரிதும் தேவாலயங்கள் வழியாகவே வந்தது. 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. மேலைச் சுரக்கட்டுக்குப் பழகிய காதுகள் இங்கே சில உண்டு. 1968இல் அருகே ஆரோவில் தோன்றியபின் புதுச்சேரிச் சாலையில் கிதார் சுமந்தவர்கள் கூடினார்கள். அதே 1968இல் பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் இளையராஜா என்னும் அவர் பெயர் தமிழகம் முழுதும் ஒலித்தது. அதன் பிறகே சிற்றூர் மெல்லிசைக் குழுக்களில் கிதார் இன்றியமையாததாயிற்று. வெளிநாட்டுப் பெட்டிகளோ இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் எட்டாக்கனி. வால்வு ரேடியோவின் முதுகில் இசைத்தட்டுக் கருவிக்காக இருந்த நுழைவாயிலில் கிதார்க் கம்பியைச் செருகியவர்கள் உண்டு. மைக்செட்டிலேயே செருகியவர்கள் அதிகம்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. மைக்செட் தொலைவுக்கான கருவி. நூற்றுக்கணக்கான அடி நீளக் கம்பியில் சக்தி வீணாகாமலிருக்க, அதன் வெளியீட்டை 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயின் அடியிலும் மின்மாற்றி வைத்து இறக்குவார்கள். குழாய் ஒலிபெருக்கி, பேச்சின் தெளிவுக்கு வேண்டிய நடுச்சுருதிகளைக் கூர்மையாக வீசும். கீழ்ச்சுருதிகளை ஏறத்தாழ விட்டுவிடும். கிதார் பெட்டியின் ஒலிபெருக்கி காகிதக் கூம்பு. அது மேல்முனையின் கரகரப்பை மழுங்கடித்து, நடுவில் சற்றே வளைந்து, ஒலிக்கு உடம்பு கொடுக்கும். முன்னதற்கு வீச்சு முக்கியம், பின்னதற்குத் தொனி. நம் இலக்கணிகள் தொனி என்ற சொல்லைச் சொல்லுக்கு அப்பால் எஞ்சி ஒலிக்கும் பொருளுக்கு ஆண்டார்கள். கிதார்க்காரர் அதைத் தந்தியை மீட்டியபின் எஞ்சி நிற்பதற்கு ஆள்கிறார். நம் மைக்செட் மரபு வீச்சைத் தேர்ந்தது. கூட்டத்துக்காகப் பிறந்த இயந்திரம் கூட்டத்துக்கே உழைத்தது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) அதற்குச் சிறந்த சான்று. மாண்டலினின் ஒலி மீட்டிய கணத்திலேயே தேய்வது. கமகத்துக்கு அது போதாது. இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்தைக் கொண்ட மின்மாண்டலினை அவர் கையாண்டார். பெருக்கப்பட்ட ஒலி நீண்டு நின்றதால்தான் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடிந்தது. சென்னைச் சபைகளில் அச்சிறுவனின் வாசிப்பைக் கேட்டவர்கள் வியந்தது விரலைப் பார்த்து. அந்த விரலுக்கு மூச்சுக் கொடுத்தது ஆம்ப்ளிபையர். பெருக்கி இங்கே வீச்சுக்கான கருவியாக மட்டும் இல்லை. இசைக்கருவியின் பாதியாகவே ஆகிவிட்டது.

*

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. எடை குறைந்தது, சூடு குறைந்தது, விலை குறைந்தது, வாட்டுகள் பெருகின. நூறு வாட் இருந்த இடத்தில் ஆயிரங்கள். ஊருக்கு ஊர் யார் குழாய் உரக்க ஒலிக்கிறது என்ற போட்டி. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மட்டுமே மாநில அரசுக்கு அதிகாரம்.

இவ்விதிகள் தேவையானவை. நோயாளிக்கும் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் அமைதி உரிமை. ஆனால் இதன் சுமை எங்கே இறங்கியது என்று பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நடக்கும் கலை தெருக்கூத்து. பதினெட்டாம் போர் விடியலில் முடிய வேண்டும். உரத்த ஒலியைப் பெருக்கியவர்கள் கூத்தர்கள் அல்லர். தண்டனை அவர்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. இதற்குள், மைக் இல்லாமல் வயல் முழுவதும் கேட்கப் பாடும் தொண்டைப் பயிற்சியும் தளர்ந்துவிட்டது. மேடைக்கு மேலே கயிற்றில் தொங்கும் மைக்கின் அடியில் வந்து நின்று பாடிப் பழகியவர்கள் இன்று பலர். வீச்சை மட்டுமே தேர்ந்த ஒரு வரலாறு, கடைசியில் வீச்சுக்கும் தடை வந்தபோது கையில் தொனியும் இல்லாமல் நின்றது. சிறிய, அண்மைக்கான, இனிய ஒலி என்ற ஒன்றை நாம் வளர்க்கவேயில்லை.

வல்லத்து இளைஞர்களின் கேள்வியை நாம் பொருட்படுத்தியது இதனால்தான். அவர்கள் கேட்டது அந்த விடுபட்ட கிளையை.

*

இனி அவர்களுக்குச் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம், பிறருக்கும் பயன்படலாம்.

வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு உரப்பு வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை நல்ல ஒலிபெருக்கி ஒன்று இலவசமாகத் தரும். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தருவதற்குப் பதில் 100 டெசிபல் தருவதைத் தேர்ந்தால் போதும். தேவாலயத்துக்கும் வகுப்பறைக்கும் 15 முதல் 22 வாட் வால்வுப் பெட்டி நிறைவு. திடலில் வாசிக்க நேர்ந்தால் பெட்டியின் முன் ஒரு மைக்கை வைத்து மைக்செட்டுக்குக் கொடுக்கலாம். தொனியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். வீச்சை மைக்செட் பார்த்துக்கொள்ளும். நூறாண்டுக்கு முன் பிரிந்த உடன்பிறப்புகள் அங்கே சேர்கின்றன.

எடையைத் தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வால்வுப் பெட்டியின் எடை பெரும்பாலும் அதன் மின்மாற்றிகளிலும் ஒலிபெருக்கியிலும் இருக்கிறது. வாக்ஸ் ஏசி30 முப்பது கிலோவைத் தாண்டும். ஏசி15 ஏறத்தாழ 22 கிலோ. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஏறத்தாழ 19. மார்ஷலின் 20 வாட் டிஎஸ்எல் ஏறத்தாழ 16. செஞ்சிப் பேருந்தில் நின்றுகொண்டு வருபவருக்கு இந்தக் கிலோக்களின் பொருள் விளம்பரத்தாள்களைவிட நன்றாகத் தெரியும். 2019இல் ஃபெண்டர் வெளியிட்ட டோன் மாஸ்டர் பெட்டி, வால்வே இல்லாமல் கணினிச் சில்லால் அதே ஒலியைப் போலச்செய்கிறது. எடை பத்து கிலோ சொச்சம். போலி என்று ஒதுக்க முடியாத அளவுக்கு நன்றாகவே செய்கிறது. ஆனால் அது பழுதானால் உள்ளூரில் சரிசெய்வது கடினம். வால்வுப் பெட்டியையோ பழைய மைக்செட் மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்தவுடனே புரிந்துகொள்வார்.

சேனல்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இரண்டு சேனல் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. டீலக்ஸ் ரிவெர்ப், ஏசி15 ஆகியவற்றில் இரு சேனல்களுக்கும் தனித்தனி நுழைவாயில். இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். டிஎஸ்எல் போன்றவற்றில் நுழைவாயில் ஒன்றே. சேனல்களை மாற்றலாம், சேர்த்து ஒலிக்க முடியாது. தனியே வாசிக்கும் ராக் இசைக்காரருக்குப் பின்னது உகந்தது. பாடகரும் கிதார்க்காரரும் சேர்ந்து வாங்கும் பெட்டிக்கு முன்னதே பொருந்தும். இன்றைய மைக்குகள் தாழ்மின்தடை உடையவை என்பதால் இடையே சிறு மாற்றி ஒன்று தேவைப்படும். அதன் விலை குறைவு.

மின்சாரம் இறுதியானது, ஆனால் முதன்மையானது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். திருவிழா ஜெனரேட்டரின் ஏற்றஇறக்கம் வால்வின் இழையைத் தேய்க்கும். ஸ்டெபிலைசர் ஒன்று உடனிருக்கட்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும்; பழகாதவர் திறக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எர்த் இணைப்பு. கிதார்க்காரரின் விரல்கள் தந்தியில், உதடுகள் மைக்கில். இரண்டும் வெவ்வேறு பெட்டிகளுக்குச் சென்று, ஒன்றில் எர்த் இல்லையென்றால், இடையிலுள்ள உடல்தான் கம்பி. 1972 மே 3 அன்று வேல்சின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார்க்காரர் இப்படித்தான் இறந்தார். மைக்கும் கிதாரும் ஒரே பெட்டியில் சேரும்போது இவ்விரண்டுக்கும் இடையே மின்வேறுபாடு எழ வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் எர்த் வேண்டும். மூன்றாவது முனையை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் நம் பந்தல்களில் ஒழிய வேண்டும்.

வால்வுகள் இன்று எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். பெரும்பாலானவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாட்டு ஆலைகளில் தயாராகின்றன. உக்ரைன் போரை ஒட்டி 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகெங்கும் வால்வுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு காலத்தில் பெங்களூரில் செய்த பொருளுக்கு அப்போது நாம் ஒரு தொலைதூரப் போரின் போக்கை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி வாங்கும்போதே ஒரு மாற்றுத் தொகுதி வால்வுகளையும் சேர்த்து வாங்குவது நல்லது.

*

வல்லத்து நண்பர்கள் இறுதியில் தனித்தனி நுழைவாயில் கொண்ட 15 வாட் வகையை நோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். நாம் மகிழ்ந்ததற்குக் காரணம் அதன் பெயரோ புகழோ அன்று. பாடுபவரும் வாசிப்பவரும் ஒரே பெட்டியைப் பங்கிட்டுக்கொள்வது என்ற பழைய பொருளுக்கே அவர்கள் திரும்பியிருக்கிறார்கள். பாணன் தனியே நடந்தவன் அல்லன். பாடினியும் உடன் நடந்தாள். அவள் குரலும் அவன் யாழும் ஒரு வாயிலில் ஒன்றாக ஒலித்தன. எத்தனை பேருக்குக் கேட்டது என்பதை நத்தத்தனார் சொல்லவில்லை. கேட்டவன் நல்லியக்கோடன் ஒருவனே ஆயினும், அவன் நன்றாகக் கேட்டான். அதனால்தான் அந்நாட்டின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. நூற்றாண்டுக் காலம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று உழைத்த நம் ஒலிமரபு, இனி அருகிலிருப்பவருக்கு நன்றாகக் கேட்கவும் சற்று உழைக்கட்டும்.